கோளாறு படத்திலா, பிரதியிலா?

கேள்வி: கல்லூரியில் மாணவர் திரைப்படச் சங்கம் ஒன்றை நடத்தி வருகிறேன். அடுத்த மாதம் 1950களில் வெளியான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைத் திரையிட எண்ணியிருக்கிறோம். இணையத்தில் கிடைத்த பிரதி மங்கலாக, கோடும் புள்ளியுமாக இருக்கிறது. அதில் பத்து நிமிடம் போட்டுக் காட்டியபோது பாதிப் பேர் செல்பேசியைக் கையில் எடுத்துவிட்டார்கள். மாணவர் ஒருவர் அதே பிரதியை ஏஐ மென்பொருளில் கொடுத்து வண்ணமாக்கி, அகலத்திரைக்கு மாற்றி, நொடிக்கு 60 பிரேம் (தனித்தனிப் படங்கள்) ஓடும்படி செய்து கொண்டுவந்தார். எல்லோரும் வாய்பிளந்து பார்த்தார்கள். ஆனால் என் சக பேராசிரியர் ஒருவர், படைப்பாளிக்கு இழைக்கும் துரோகம் இது, திரையிட்டால் நான் வரமாட்டேன் என்கிறார். நான் எதைத் திரையிடுவது? பழைய படங்களை இன்றைய தோற்றத்துக்கு மாற்றுவது சரிதானா?

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

மாணவர் செய்த வடிவத்தைத் திரையிட வேண்டாம். அந்த மங்கல் பிரதியையும் திரையிட வேண்டாம். செல்பேசியை எடுத்த பிள்ளைகள்மீது எனக்குக் கோபமே வரவில்லை. பழைய படங்களை மீட்டெடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். அந்தப் பிரதியைப் போட்டால் நானும் பத்து நிமிடம் தாங்கமாட்டேன். அவர்கள் பார்த்தது ஒரு கெட்டுப்போன பிரதியை. அதைத்தான் பழைய படம் என்று அவர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பிரதி எப்படி உருவாகியிருக்கும் என்று ஊகித்துச் சொல்கிறேன். கேமராவில் ஓடிய மூலப் பிலிமான நெகட்டிவிலிருந்து திரையரங்குகளுக்குப் பிரிண்ட் போட்டிருப்பார்கள். அவற்றில் ஓடி ஓடித் தேய்ந்த ஒன்றிலிருந்து தொலைக்காட்சிக்காக வீடியோ நாடாவுக்கு மாற்றியிருப்பார்கள். நாடாவிலிருந்து குறுந்தகடு. குறுந்தகட்டிலிருந்து யாரோ இணையத்தில் ஏற்ற, வேறு யாரோ அதை இறக்கி, அளவைச் சுருக்கி, மறுபடி ஏற்றியிருப்பார். ஒவ்வொரு படியிலும் கறுப்பு சாம்பலாகிறது, வெள்ளை வெளிறுகிறது, முகத்தில் இருந்த நுட்பமெல்லாம் வழிந்து போய்விடுகிறது. நல்ல நிலையில் உள்ள 35 மி.மீ. நெகட்டிவை 4கே தரத்தில் ஸ்கேன் செய்து பாருங்கள். நடிகரின் சட்டைத் துணியின் நெசவு தெரியும், நெற்றி வியர்வை தெரியும். படம் வெளியான வாரத்தில் டிக்கெட் வாங்கிப் பார்த்தவர் கண்டதும் ஏறக்குறைய அதைத்தான். கோடு விழுந்து, நடுங்கி, வெளிறிப்போன படத்தை அவர் பார்த்ததே இல்லை.

பழமையின் அடையாளமென்று நாம் நினைக்கும் பலவும் பின்னால் வந்து சேர்ந்தவைதான். மௌனப் படங்களில் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். கேமராவைக் கையால் சுழற்றிய காலம் அது. நொடிக்கு 16, 18, 20 பிரேம் என்று வேகம் ஏறி இறங்கும். பேசும் படம் வந்து வேகம் 24 என்று நிலைத்த பிறகு, பழையவற்றையும் அதே வேகத்தில் ஓட்டினார்கள். நடந்தவரெல்லாம் ஓடத் தொடங்கினார்கள். வண்ணப் படங்களுக்கு வேறு கதி. ஈஸ்ட்மன்கலர் வகைப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றை முந்திக்கொண்டு மங்கிவிடும். வானம், மரம், முகம் எல்லாம் ஒரே இளஞ்சிவப்பில் குளித்து நிற்கும். எந்த இயக்குநரும் அப்படி எடுக்கவில்லை. வேகத்தைச் சரிசெய்வதையும் போன நிறத்தை மீட்பதையும் படத்தை மாற்றுவதாக நான் கருதுவதில்லை.

காலம் சேர்த்ததை நீக்கலாம். படைத்தவர் வைத்ததில் கைவைக்கக் கூடாது. என் தொழிலின் விதி இவ்வளவுதான். சொல்வதற்கு எளிது, கணினியின் முன் உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். தூசியையே எடுத்துக்கொள்ளுங்கள். தூசி நீக்கும் மென்பொருள் ஒரு பிரேமை அதற்கு முந்தையதோடும் பிந்தையதோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே ஒரு பிரேமில் தோன்றி மறையும் எதுவும் அதன் கணக்கில் தூசி. மழைத்துளியும் அப்படித்தானே தோன்றி மறைகிறது? அடுப்பில் தெறிக்கும் பொறியும், காற்றில் வீசிய பூவிதழும், நடனக்காரி சட்டென்று திரும்பும்போது மூக்குத்தியில் வெட்டும் ஒளியும் அப்படித்தான். மென்பொருளை முழு வேகத்தில் முடுக்கிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டால், திரும்பி வரும்போது மழைக்காட்சியில் பாதி மழைதான் மிச்சமிருக்கும். ஆகவே மென்பொருள் கைவைத்த இடங்களையெல்லாம் மனிதக் கண் மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 பிரேம்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி கிரெய்ன் எனப்படும் துகள். உற்றுப் பார்த்தால் பழைய படம் முழுவதும் மெல்லிய மணல்போல் ஊர்ந்துகொண்டிருக்குமே, அதுதான். புதிதாகப் பார்ப்பவர்கள் அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். ஒளிபட்ட வெள்ளி உப்பின் துகள்கள்தான் பிலிமில் உருவத்தையே உண்டாக்குகின்றன. அவற்றைத் துடைத்தால் கன்னத்தின் துவாரங்களும் புடவையின் இழையும் கூடவே போய்விடும். மனிதர்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடுவார்கள். பிறகு அந்த மழுங்கலை மறைக்க ஓரங்களைச் செயற்கையாகக் கூர்மையாக்குவார்கள். பெரிய நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. ஜேம்ஸ் கேமரூனின் ஏலியன்ஸ், ட்ரூ லைஸ் படங்கள் 2024-இல் 4கே வட்டுகளாக வந்தபோது முகங்கள் மெழுகாகிவிட்டன என்று ரசிகர்கள் கொதித்தார்கள். அத்தனைக்கும் அவை இயக்குநரின் ஒப்புதலோடு வந்தவை. இயக்குநரே சொன்னாலும் எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகருக்கு உரிமை உண்டு. நானும் அந்த ரசிகர்கள் பக்கம்தான்.

முன்மாதிரிக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. வேறு சில பாட்டுகளில் அடிகள் சிதைந்திருந்தன. சங்கத் தமிழில் அவ்வளவு ஊறியவர் நினைத்திருந்தால் பொருத்தமான சொல்லை இட்டு நிரப்பியிருக்க முடியும், நமக்கும் தெரிந்திருக்காது. நூலில் அந்த இடங்கள் இன்றும் புள்ளிகளாகத்தான் நிற்கின்றன. மெட்ரோபோலிஸ் (1927) என்ற ஜெர்மன் மௌனப் படத்தை மீட்டெடுத்தவர்கள் செய்ததும் அதுதான். வெட்டியெறியப்பட்டு அழிந்துபோனதாகக் கருதப்பட்ட சுமார் 25 நிமிடக் காட்சிகள் 2008-இல் புவனோஸ் அயர்ஸில் ஒரு 16 மி.மீ. பிரதியில் கிடைத்தன. கோடுகள் கிழித்த, மோசமான பிரதி. முடிந்தவரை துலக்கிவிட்டு மீதிக் கோடுகளோடேயே சேர்த்தார்கள். பார்க்கும்போது எந்தக் காட்சி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது உங்கள் மாணவரின் கைவண்ணத்துக்கு வருகிறேன். பையனைக் குறைசொல்ல மாட்டேன், ஆர்வமுள்ள கை. ஆனால் அந்த மென்பொருள் என்ன செய்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

முதலில் வண்ணம். கறுப்பு வெள்ளைப் படம் என்பது வண்ணம் இல்லாத வண்ணப் படம் என்று அந்த மென்பொருள் நினைக்கிறது. அக்காலக் கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் சாம்பலின் படிநிலைகளை மனத்தில் வைத்தே சுவருக்கும் உடைக்கும் நிறம் தேர்ந்தெடுத்தார்கள். எது எந்தச் சாம்பலாகப் பதியும் என்பதே கேள்வி. நேரில் பார்க்க அது எப்படி இருந்தால் என்ன? ஹிட்ச்காக்கின் சைக்கோவில் (1960) குளியலறைக் கொலையின்போது ஓடும் இரத்தம் சாக்லேட் பாகு. உண்மையான நிறத்தை மீட்கிறேன் பேர்வழி என்று கிளம்பினால் அங்கே பழுப்புநிறம்தான் வரும். அதற்கு முன் பல ஆண்டுகளாக அவர் வண்ணப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர் என்பதையும் மறக்க வேண்டாம். கறுப்பு வெள்ளையை விரும்பி எடுத்தார். உங்கள் மாணவரின் மென்பொருளுக்கோ கதாநாயகியின் புடவை சிவப்பா பச்சையா என்று தெரிய வழியே இல்லை. இலட்சக்கணக்கான புகைப்படங்களில் பார்த்த சராசரியை எடுத்துப் பூசிவிடுகிறது. ஐந்து நிமிடம் பார்க்கும்போது வியப்பாக இருக்கும். முழுப்படமும் பார்த்தால், தோல் எல்லாம் ஒரே மாநிறம், சுவரெல்லாம் ஒரே பழுப்பு என்று அலுத்துவிடும்.

அடுத்தது அகலத்திரை. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மோசம், இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 1950களின் பெரும்பாலான இந்தியப் படங்களைப் போல உங்கள் படமும் 1.37க்கு 1 என்ற விகிதத்தில், கிட்டத்தட்டச் சதுரத்தை ஒட்டிய சட்டகத்தில் எடுக்கப்பட்டிருக்கும். அதை இன்றைய தொலைக்காட்சியின் 16:9 வடிவத்துக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் படத்தில் 23 விழுக்காடு போய்விடும். 2.35 விகித சினிமாஸ்கோப்புக்கு வெட்டினால் 42 விழுக்காடு. எது போகும் என்று ஒரு நடனக் காட்சியை நிறுத்திப் பாருங்கள். பாதங்கள் போகும். தாளத்துக்குக் கால் தட்டுவது ஒலியில் கேட்கும், திரையில் கால் இருக்காது. காலைக் காப்பாற்ற வெட்டைக் கீழே நகர்த்தினால் கொண்டை போகும், உயர்த்திய கையின் முத்திரை போகும். இதை வெட்டாமல் பக்கவாட்டில் இழுத்தால் எல்லோரும் பருத்துவிடுவார்கள். இப்போது மூன்றாவது வழியும் வந்துவிட்டது: இல்லாத ஓரங்களை ஏஐ வரைந்து நிரப்புவது. 1939-இல் வந்த விசர்ட் ஆஃப் ஆஸ் படத்தை லாஸ் வேகஸின் ஸ்பியர் அரங்குக்காக 2025-இல் அப்படித்தான் விரித்தார்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் போகட்டும். அதைப் பார்த்தவர் 1939ஆம் ஆண்டின் படத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

60 பிரேம் விஷயம் கணக்கிலேயே விளங்கிவிடும். கேமரா நொடிக்கு 24 படம் எடுத்தது. மீதமுள்ள குறைந்தது 36 படங்களைக் கணினி இடையிடையே கற்பனை செய்து செருகுகிறது. திரையில் ஓடுவதில் பாதிக்கு மேல் யாரும் நடிக்காத நடிப்பு.

மாணவரோடு உட்கார்ந்து ஒரு சோதனை செய்து பாருங்கள். அவருடைய வடிவத்தில் ஒரு தெருக்காட்சியைத் தேர்ந்தெடுத்து நிறுத்துங்கள். பின்னணியில் உள்ள கடைப் பலகையின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தமிழ்போல இருக்கும். நெருங்கினால் சுழியும் கொம்பும் உண்டு, ஒரு எழுத்துகூடத் தேறாது. கூட்டத்தில் நிற்பவர்களின் முகங்களைப் பெரிதாக்கச் சொல்லுங்கள். கண்கள் தெளிவாக இருக்கும், ஆனால் அவை அந்த மனிதர்களின் கண்கள் அல்ல. மங்கலாக இருந்த ஒரு துணை நடிகரின் முகம் அழிக்கப்பட்டு, பிறக்காத ஒருவரின் முகம் அங்கே வைக்கப்பட்டிருக்கும். நான் விளக்குவதைவிட இது அவருக்கு நன்றாக உறைக்கும்.

இவ்வளவு சொன்னதால் உங்கள் சக பேராசிரியர் கட்சியில் நான் சேர்ந்துவிட்டதாக அவர் மகிழ வேண்டாம். பழைய படத்தைத் தொடவே கூடாது என்பது வரலாறு தெரியாத பக்தி. பிரெஞ்சு இயக்குநர் மெலியேயின் நிலாப் பயணப் படத்தை (1902) பிரேம் பிரேமாகக் கையால் வண்ணம் தீட்டி அந்தக் காலத்திலேயே விற்றார்கள். அப்படி ஒரு பிரதி மீட்டெடுக்கப்பட்டு 2011-இல் திரையிடப்பட்டது. முகல்-இ-ஆஸம் எடுத்த கே.ஆசிப் ஒரு பகுதியை வண்ணத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு முழுப்படத்தையும் அப்படியே எடுக்க ஆசைப்பட்டார், நடக்கவில்லை. 1960-இல் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையாக வந்த படம் 2004-இல் வண்ணமானது. இயக்குநர் விரும்பியதுதானே என்று ஒருவர் வாதிட்டால் என்னால் உடனே மறுக்க முடியாது. பீட்டர் ஜாக்சன் 2018-இல் முதல் உலகப்போர்க் காலத்து ஆவணப் பதிவுகளை வண்ணமாக்கி, வேகம் திருத்தி, ஒலி சேர்த்து ஒரு படம் தந்தார். அது புதிய படைப்பாக, அவர் பெயரில், என்ன செய்தோம் என்ற விளக்கத்தோடு வந்தது. மூலப் பதிவுகள் காப்பகத்தில் அப்படியே இருக்கின்றன. எனக்கு அதில் புகார் எதுவுமில்லை.

என் பயமெல்லாம் மாற்றிய வடிவம் மூலத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவதைப் பற்றித்தான். ஜார்ஜ் லூகாஸ் 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் போய், பழைய படங்களைத் திருத்துவதைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். 1997-இல் அவரே ஸ்டார் வார்ஸில் புதிய உயிரினங்களையும் காட்சிகளையும் சேர்த்து வெளியிட்டார். அதன்பின் பல ஆண்டுகளுக்கு, 1977-இல் மக்கள் பார்த்த வடிவம் நல்ல தரத்தில் கடையில் கிடைக்கவில்லை. ஸ்பீல்பெர்க் ஈ.டி. படத்தின் 2002 பதிப்பில் காவலர் கையிலிருந்த துப்பாக்கிகளை நீக்கி வாக்கி டாக்கி கொடுத்தார். பிறகு, அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2012 புளூரேயில் துப்பாக்கிகள் திரும்பிவிட்டன. மூலத்தைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் திரும்ப முடிந்தது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2025 ஆகஸ்டில் நடந்தது. 2013-இல் வந்த ராஞ்ஜணா என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமான அம்பிகாபதியை, இறந்துபோகும் கதாநாயகன் பிழைத்துக்கொள்ளும்படி ஏஐ கொண்டு முடிவை மாற்றி மறுவெளியீடு செய்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார், தனுஷ் எதிர்த்தார். உரிமை எங்களிடம் இருக்கிறது என்றது நிறுவனம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையை ஆசிரியருக்குத் தருகிறது. ஆனால் அதே சட்டம் திரைப்படத்தின் ஆசிரியர் என்று சொல்வது தயாரிப்பாளரை! பிரான்சில் நிலைமை வேறு. ஜான் ஹூஸ்டனின் அஸ்பால்ட் ஜங்கிள் (1950) படத்தை வண்ணமாக்கி அங்கே ஒளிபரப்ப முனைந்ததை எதிர்த்து அவருடைய வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஆர்சன் வெல்ஸ் அதற்கும் கெட்டிக்காரர். தான் இயக்கிய சிட்டிசன் கேன் படத்துக்கு அவர் போட்டிருந்த ஒப்பந்தம் அவ்வளவு இறுக்கமாக இருந்ததால், 1989-இல் அதை வண்ணமாக்கும் திட்டத்தையே கைவிட்டார்கள்.

இனி உங்கள் திரையிடல். முதலில் படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். திரையிட அனுமதி எப்படியும் வேண்டும். கேட்கும்போதே இதைவிட நல்ல பிரதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பெட்டியில் தூங்கும் பிரதிகள், யாராவது கேட்டால்தான் வெளியே வருகின்றன. புனேயில் 1964-இல் தொடங்கப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு கடிதம் போடலாம். உங்கள் படத்துக்கு நல்ல பிரதி கிடைக்காவிட்டால், நன்றாக மீட்டெடுக்கப்பட்ட வேறொரு கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் திரையிடுங்கள். சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டனில் தீவிபத்தில் கருகின. கருகியதில் தேறியதையும் வேறு பிரதிகளையும் கொண்டு 2015-இல் மீட்டெடுத்தார்கள். அவற்றில் முதலாவதான பதேர் பாஞ்சாலியை அந்த வடிவத்தில் பார்த்துவிட்டு எத்தனை பேர் செல்பேசியை எடுக்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

இந்தப் படத்தையேதான் காட்டியாக வேண்டும், வேறு பிரதியும் இல்லை என்றால் அதே மாணவரிடம் வேலை கொடுங்கள். நடுக்கத்தை நிறுத்தட்டும். ஒளி விட்டுவிட்டு மின்னுவதைச் சமன்செய்யட்டும். சாம்பலாகிப்போன கறுப்பைக் கறுப்பாக்கட்டும். பெரிய கோடுகளை மட்டும் நீக்கட்டும். சட்டகம் 1.37, வேகம் 24, இரண்டும் இருந்தபடியே இருக்கட்டும். இருபக்கமும் கறுப்புப் பட்டை விழுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. என்னென்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதி, தொடங்குமுன் அரை நிமிடம் திரையில் காட்டச் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகு அவருடைய வண்ண வடிவத்தில் ஒரு பாட்டைப் போட்டு, மூலத்தில் அதே பாட்டையும் போடுங்கள். சக பேராசிரியரை அதற்கு அழையுங்கள், வருவார். சண்டை நன்றாக நடக்கும்.

அரங்கை முழுதாக இருட்டாக்குங்கள். தொலைக்காட்சியில் காட்டுவதானால் அமைப்புகளுக்குள் போய், அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அது வேறு பெயரில் ஒளிந்திருக்கும். டாம் குரூஸ் 2018-இல் இதை அணைக்கச் சொல்லிக் காணொளியே வெளியிட்டார். நிறத்தை அடிக்கவரும்படி காட்டும் அமைப்பு இருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது, ஆகவே நான்கு மூலைக்கும் பிரித்துவிடாமல் திரைக்கு நேர் கீழே ஒரே ஒலிபெருக்கியை வையுங்கள். வசனம் நடிகரின் வாயிலிருந்து வருவதுபோல் கேட்கும்.